யார் மனமும் கோணாத தரை

செஞ்சி தேகப்பயிற்சி சங்கத்துக்குச் சாமான்கள் வந்து இறங்கிய அன்று ராயம்மாளுக்கு வலது கை தோளுக்கு மேலே போகாமல் இருந்தது. சங்கம் அந்தச் சாமான்களை வைக்க இடம் தேடிய காலமும், அவள் அந்தக் கையை மேலே தூக்க வழி தேடிய காலமும் ஒன்றாகவே நடந்தன. இரண்டில் எது முதலில் முடிந்தது என்பதில் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கும் அவளுக்கும் இன்றுவரை கருத்து வேற்றுமை உண்டு.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். மேட்டில் பஸ் நின்றது. ஆண்களை இறங்கித் தள்ளச் சொன்னான் கண்டக்டர். தள்ளியும் நகரவில்லை என்றதும் பெண்களையும் சொன்னான். பஸ் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் வந்தது. விழுந்ததில் தோள் மூட்டு கழன்றுபோயிற்று. மூட்டைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். ஆனால் கட்டு அவிழ்த்த பிறகு கை அவளுடையதாக இல்லை. பக்கத்தில் கோபித்துக்கொண்டு தொங்கும் வேறொருத்தி போல இருந்தது.

அவள் வேலை செய்தது வீராசாமியின் பள்ளிக்கூடத்தில். வீராசாமிக்கு மணிலாக்கொட்டை மண்டி உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு, இரண்டுக்கும் அவரே மேனேஜர். ராயம்மாள் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதியதை அவர் ஜன்னல் வழியாக ஒரு நாள் பார்த்தார்.

"இன்னாம்மா, அரை போர்டு வாத்தியாரம்மா ஆயிட்டியே? கடைசி பெஞ்சு புள்ளைங்க எழுந்து நின்னு பாக்குதுங்க. லீவு முடிஞ்சி ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறப்போ கை போர்டு உச்சிக்குப் போவணும். போச்சின்னா வேலை. போவலன்னா, தொண்டூர்ல ஒரு பொண்ணு ட்ரெய்னிங் முடிச்சிட்டு சும்மா குந்தினு இருக்குது."

டாக்டர், "கப்பியில கயிறு போட்டு, ஒரு பக்கம் எடை கட்டி, தெனம் இழுக்கணும். எடை கீழே போனா கை தானா மேலே வரும்" என்றார். அப்படி ஒரு சாமான் பட்டணத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். ராயம்மாள் தெருக் கிணற்றில் முயன்று பார்த்தாள். கிணற்று ராட்டினம் தண்ணீரைத்தான் மேலே கொண்டுவந்தது, கையை அல்ல.

அதனால்தான் மூன்றாவது மாட்டுவண்டியில் கப்பியும் கயிறும் எடைகளும் வைக்கோலில் பொதிந்து வந்ததைப் பார்த்ததும் அவள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். அன்று மாலையே மெம்பர் ஆனாள். ஜில்லா கலெக்டருக்குப் பெண்கள் முன்னேற்றத்தில் அக்கறை என்று கேள்விப்பட்டிருந்த சங்கத் தலைவர், ராவ்சாகிப் தனகோட்டி, அவளை இரண்டு கையாலும் கும்பிட்டு வரவேற்றார். ஜவுளிக்கடை ஜகபர் அலியின் மனைவி ஹபீபாவும் அன்றே சேர்க்கப்பட்டாள். ஜகபர் அலியை உடம்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர் ஒழுங்காகக் குறைக்கிறாரா என்று பார்க்க அவள் வந்தாள்.

சங்கத்தின் இடம் ஒரு பழைய மணிலாக்கொட்டைக் கிடங்கு. சாமான்கள் நடுவில் குவிக்கப்பட்டு மேலே கோணிகள் போர்த்தப்பட்டிருந்தன.

"எப்போ பிரிப்பாங்க ஐயா?" என்று ராயம்மாள் கேட்டாள்.

"பிரிப்பது ஒரு நிமிஷ வேலை. எதை எங்கே வைப்பது என்பதுதான் நாகரிகம். உலகத்தில் தேகப்பயிற்சிச் சாலைகள் ஏன் பாழாகின்றன? சாமான் சரியில்லாமல் அல்ல. ஒரு மெம்பர் நிற்கும் இடம் இன்னொரு மெம்பருக்குப் பிடிக்காமல். நம் தரையில் ஒருவர் மனமும் கோணக்கூடாது. கோணினால் அந்தப் பிளானைக் கிழித்துப்போட்டு வேறு போடுவேன்" என்றார் ராவ்சாகிப். அவர் ரிஜிஸ்தர் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நிலத்தின் நான்கு எல்லையையும் சொல்லாமல் அவருக்கு எதையும் ஆரம்பிக்கத் தெரியாது.

முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. பெண் மெம்பர்களை எந்தத் திசை பார்த்து உட்கார வைப்பது? ஆண்களைப் பார்த்து உட்கார்ந்தால் அழகில்லை. தலைவருக்கு முதுகு காட்டினால் மரியாதை இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒரு கண் எங்கே போகிறது என்று சொல்ல முடியாது. நெடுநேர விவாதத்துக்குப் பிறகு அவர்களுடைய பெஞ்சு மேற்குச் சுவருக்கு ஒட்டினாற்போல, சுவரைப் பார்த்தே போடப்பட்டது.

"வந்து குந்து, டீச்சரம்மா. நல்ல செவுரு. ஒரு வெடிப்பு கூட இல்ல" என்றாள் ஹபீபா.

அடுத்து, தண்டால் எடுக்கும் இடம். தண்டால் எடுப்பவர் கவிழ்ந்து படுக்கிறார். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கால் எந்தப் பக்கம் என்பதே கேள்வி. கிழக்குச் சுவரில் ஆஞ்சநேயர் படத்தை ராவ்சாகிப் மாட்டியிருந்தார். வடக்கில் இருதய ஆண்டவர் படம். அதையும் அவரே வாங்கி மாட்டியிருந்தார். தெற்கில் இங்கிலீஷ் சக்கரவர்த்தியின் படம். மேற்கு, முஸ்லிம்கள் தொழும் திசை.

"நாங்க யாரும் ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார் ஜகபர் அலி.

"கேட்காமல் இருப்பதுதான் பயம். உள்ளே வைத்துக்கொள்கிறீர்கள்" என்றார் ராவ்சாகிப்.

ராயம்மாள் சுவரைப் பார்த்தபடியே, "அந்த இருதய ஆண்டவர் படத்த எடுத்துடலாங்க ஐயா. எங்க வீட்ல ஒண்ணு இருக்குது" என்றாள்.

"பார்த்தீர்களா, அவர்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கிறது! படத்தையே எடுக்கச் சொல்லும் அளவுக்கு!"

மூலைக்கு மூலையாகக் குறுக்கே படுக்கலாம் என்றார் ஒருவர். மூலைகளுக்கும் அதிபதிகள் உண்டு என்று தெரிந்தது. கடைசியில் தண்டாலை நின்றபடியே எடுப்பது என்று முடிவாயிற்று.

"நின்னுகினு எடுத்தா அதுக்குப் பேரு தண்டால் இல்லீங்க. சும்மா நிக்கறது" என்றார் ஜகபர் அலி.

"பெயர் மாறலாம். மகிழ்ச்சி மாறக்கூடாது. ஆதரிப்பவர்கள் வலது கையைத் தூக்குங்கள்."

சங்கத்தின் விதி அது. எந்தத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேற வேண்டும். வலது கை, தலைக்கு மேலே. எல்லாருடைய கையும் எழுந்தது. ராயம்மாளுடையது தோள் வரை வந்து நின்றது. அவள் இடது கையைத் தூக்கினாள்.

"இடது கை கூடாதம்மா. நல்ல காரியம்" என்றார் ராவ்சாகிப், வருத்தத்தோடு. பிறகு அவர் முகம் மலர்ந்தது. "குமாஸ்தா, எழுதும். ஸ்ரீமதி ராயம்மாள் கை தூக்கியதாகக் கருதப்பட்டது."

அது இவ்வளவு எளிதாக இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு தீர்மானத்திலும் அவள் கை தூக்கியதாகக் கருதப்பட்டது. எதற்காகத் தூக்கினாள் என்று அவளுக்குச் சொல்வதும் நின்றுபோயிற்று.

வீட்டில் அவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. தங்கை லில்லி சோறு போட்டுக் கூப்பிட்டால் நின்றுகொண்டே சாப்பிட்டாள். எழுந்தால் நடக்கத் தோன்றியது, நடந்தால் திரும்பத் தோன்றியது. உடம்பு முழுக்க ஒரு அவசரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கை மட்டும் அதில் சேராமல் அசையாமல் இருந்தது. 'கருதப்பட்டது' என்ற வார்த்தையை அவள் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். யோசித்தால், அது புதிது அல்ல. நைனா செத்தபோது இவள் தைரியசாலி என்று கருதப்பட்டாள். அழ யாரும் நேரம் கொடுக்கவில்லை. லில்லியைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதாகக் கருதப்பட்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சம்மதம் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடும். இப்போது அதைச் சத்தமாகச் சொல்ல ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கண்ணாடியை எங்கே வைப்பது என்பதில் ஏப்ரல் மாதம் போயிற்று. வாசலைப் பார்த்து வைத்தால் திருஷ்டி. ஒல்லியான மெம்பரும் பருமனான மெம்பரும் ஒரே கண்ணாடியில் தெரிந்தால் இருவருக்குமே மனவருத்தம். ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்றால் யார் முதலில்? சங்கத்தில் மெம்பராகவும் இருந்த வீராசாமி எழுந்து ஒரு பிரசங்கம் செய்தார்.

"நான் ஒளிவு மறைவு இல்லாம பேசற ஆளு. எனக்கு முன்னால ஒருத்தர் கண்ணாடி பாக்கறதுல ஆட்சேபணை இல்ல. ஆனா அவரு யாருன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சப்புறம் ஆட்சேபணை இருக்கலாம். பின்னால பாக்கறதுன்னா நான் பாக்கவே மாட்டேன். இது கௌரவப் பிரச்னை இல்ல. என் கௌரவத்தப் பத்தி நான் எப்பவும் நெனைக்கறதில்லன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கறேன்."

கைதட்டல் கேட்டது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. ராயம்மாள் கை தூக்கியதாகக் கருதப்பட்டது.

அந்த மாதத்தில்தான் அவள் விரல்கள் சுவரில் ஏற ஆரம்பித்தன. முதலில் அது அவளுக்கே தெரியவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போகும். எழுந்து போக முடியாது. எதிரே சுண்ணாம்புச் சுவர். மடியில் இருந்த வலது கையின் விரல்கள் சுவரைத் தொட்டன. ஒரு விரல் முன்னால், அடுத்த விரல் அதற்கு முன்னால், பல்லி போல. தோள் வரை வந்ததும் வலித்தது. உள்ளே கம்பி இழுப்பது போன்ற வலி. விரல்கள் இறங்கின. பின்னால் யாரோ "திருத்தத்துக்கு ஒரு திருத்தம்" என்றார்கள். கோபத்தில் விரல்கள் மறுபடி ஏறின. அவள் ஏற்றவில்லை, எரிச்சல் ஏற்றியது.

"இன்னா டீச்சரம்மா, செவுத்துக்குப் பேன் பாக்கறியா?" என்றாள் ஹபீபா துப்பட்டிக்குள்ளிருந்து.

"சும்மா இருக்க முடியலக்கா."

"நேத்து அந்த ஆணி துருவுக்குக் கீழ இருந்தே. இன்னிக்கு துருவு மேல இருக்கற. நானும் பாத்துகினுதான் இருக்கறேன். எனக்கும் வேற இன்னா வேலை? எங்க ஆளு இங்க வந்து ஒரு சுத்து பெருத்துட்டாரு. கமிட்டிக்குக் கமிட்டி பஜ்ஜி."

மே மாதம் ஒத்திகை நடந்தது. சாமான்களைப் பிரித்து வைத்த பிறகு யாராவது முகம் சுளித்தால் மறுபடி தூக்க வேண்டிவரும் என்பதால், முதலில் தரையில் சாக்பீஸால் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒருவராக நிறுத்தி, வெறும் கையோடு பயிற்சி செய்யச் சொன்னார் ராவ்சாகிப். சாமான் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் அருகிலும் போய், "மகிழ்ச்சிதானே?" என்று கேட்டார்.

ஜகபர் அலி தமக்கு ஒதுக்கிய கட்டத்தில் இல்லாத கர்லாக்கட்டையைச் சுழற்றினார். பல நாட்களுக்குப் பிறகு உடம்பை அசைத்த சந்தோஷம். ஒரு சுற்று அகலமாகப் போயிற்று.

அடுத்த கட்டத்தில் நின்ற வீராசாமி தலையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சிட்டாரு!"

"கையில ஒண்ணும் இல்லீங்களே மேனேஜர் சார்."

"கட்டை இருந்திருந்தா? என் தலை இந்நேரம் இன்னா ஆயிருக்கும்? நெனைச்சிப் பாருய்யா!"

எல்லாரும் நினைத்துப் பார்த்தார்கள். நினைக்க நினைக்க அது பயங்கரமாக இருந்தது. ஒரு விசாரணைக் கமிட்டி அமைக்கப்பட்டது. கட்டை எவ்வளவு கனம் என்று ஜகபர் அலியிடம் கேட்டார்கள். அவர் சிறியதாகத்தான் நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். அது குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் காரணமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, மன்னிப்போடு விட்டார்கள். வீராசாமி ஒரு வாரம் தலையில் பத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

ராயம்மாளுக்கு நாட்கள் தீர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள் கூட்டம் கலையும்போது ராவ்சாகிப்பை வழிமறித்தாள்.

"ஐயா, மத்தது எல்லாம் அப்புறம் வைங்க. அந்தக் கப்பியை மட்டும் ஒரு மூலையில மாட்டிக் குடுங்க. லீவு முடியப் போவுது. எனக்கு வேலை போயிடும்."

ராவ்சாகிப் அவளைக் கனிவோடு பார்த்தார். அந்தக் கனிவு பொய் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

"அம்மா, ஒருவருக்காக ஒரு சாமானை முதலில் மாட்டினால் மற்ற மெம்பர்கள் மனம் என்ன பாடுபடும்? நீங்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் சும்மா நிற்க வேண்டாமா? உங்கள் ஒரு கைக்காக எத்தனை மனங்கள்! தவிர, பெண் ஒருத்தி இரண்டு கையையும் தூக்கிக் கயிறு இழுப்பது எப்படித் தெரியும் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கௌரவத்தை உத்தேசித்து, கடைசிப் பிளானில் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன்."

வீட்டுக்குப் போகாமல் பெரிய ஏரிக்கரை வரை நடந்தாள். ராஜகிரி மலை உச்சியில் வெயில் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூட அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

கடைசிப் பிளான் பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. ராவ்சாகிப் பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்தார். பெரிய தாளை விரித்துக் காட்டினார். தாள் வெறுமையாக இருந்தது. நான்கு எல்லை மட்டும் கோடு போட்டிருந்தது.

"கனவான்களே, ஸ்ரீமதிகளே! இதுவரை வந்த ஆட்சேபணைகளை எல்லாம் ஆராய்ந்ததில் ஒன்று விளங்கியது. ஒவ்வொரு ஆட்சேபணையும் ஏதோ ஒரு சாமானை முன்னிட்டே வந்திருக்கிறது. சாமான் இல்லாத இடத்தில் யாரும் வருத்தப்பட்டதில்லை. ஆகவே சாமான்கள் கோணிக்குள்ளேயே இருக்கும். தரை முழுவதும் எல்லாருக்கும் சொந்தம். யாரும் எங்கும் நிற்கலாம், தொழுகை நாளான வெள்ளிக்கிழமை தவிர. பெண்களுக்கு ஒதுக்கிய பயிற்சி வேளை அவர்கள் கௌரவத்தை உத்தேசித்து ரத்து செய்யப்படுகிறது. கப்பி மட்டும் உபயோகமாகும்: திறப்பு விழாவில் கலெக்டர் துரை கயிற்றை இழுத்தால், தலைவரின் படத்தை மூடிய திரை மேலே போகும். என் படம் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். சொன்னதை யாரும் கேட்கவில்லை. தனியாக இருந்தபோது சொன்னேன்."

பலத்த கைதட்டல். வீராசாமி வழிமொழிய எழுந்தார். ஏனோ அவருக்கு அன்று தம் நேர்மையை விளக்கத் தோன்றியது.

"தலைவர் மாதிரி நானும் பாரபட்சம் இல்லாதவன். இதோ, எங்க ஸ்கூல் டீச்சரம்மா இங்க குந்தினு இருக்கறாங்க. நாலு பேருக்கு முன்னால சொல்றேன். கை மேல போனா திங்கக்கிழமை வேலைக்கு வரலாம். போவலன்னா தொண்டூர் பொண்ணு வரும். டீச்சரம்மா நம்ம சங்கத்து மெம்பர்தானேன்னு நான் எளகிடல. என் வார்த்தை எப்பவும் ஒண்ணுதான்."

ராயம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஆணியைத் தாண்டி, தாரில் எழுதிய பழைய மூட்டைக் கணக்கைத் தாண்டி, அவள் உட்கார்ந்த நிலையில் கை நீளும் மட்டும் போய் நின்றிருந்தன. அதற்கு மேல் சுவர் இருந்தது, கை இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வலித்தது, ஆனால் யாரும் பிடித்து நிறுத்தவில்லை.

ஹபீபா அவள் முழங்கையைப் பார்த்தாள். அது காதோடு ஒட்டியிருந்தது.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக.

"ஆதரிப்பவர்கள்?" என்றார் ராவ்சாகிப். கைகள் எழுந்தன. ஹபீபாவுடையது எழவில்லை, துப்பட்டிக்குள் எழுந்திருக்கும் என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. ராயம்மாள் கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

"குமாஸ்தா, ஸ்ரீமதி ராயம்மாள் கை தூக்கியதாக..."

"எழுதிட்டேனுங்க" என்றார் குமாஸ்தா.

"ஆட்சேபிப்பவர்கள்?" சங்கம் பிறந்த நாள் முதல் இந்தக் கேள்வியை ராவ்சாகிப் தாளை மடித்துக்கொண்டேதான் கேட்பார். இன்றும் மடித்தார்.

பெஞ்சு கிறீச்சிட்டது. ராயம்மாள் எழுந்து திரும்பி நின்றாள். இத்தனை நாள் முதுகால் மட்டும் கேட்ட முகங்களை முதல் முறையாகப் பார்த்தாள். நினைத்ததைவிடச் சின்ன முகங்கள். வலது கையைத் தூக்கினாள். தோளில் வழக்கமான இடத்தில் கம்பி இழுத்தது, அவள் நிற்கவில்லை. கை தலையைத் தாண்டி நேராக நின்றது. விரல் நுனிகளில் சுண்ணாம்பு.

பஜ்ஜி வைத்திருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அம்மா, ஆதரிப்பவர்களைக் கேட்டு முடிந்துவிட்டது. இது ஆட்சேபணை. உங்கள் கையைத் தூக்கியதாகக் கருதி எழுதியாகிவிட்டது. ஒரே கையை இரண்டு தடவை தூக்க விதியில் இடம் இல்லை" என்றார் ராவ்சாகிப்.

"அது நீங்க கருதின கை ஐயா. இது நான் தூக்கின கை."

ஜகபர் அலி பெரிதாகச் சிரித்துவிட்டார். "மேனேஜர் சார், நல்லா பாத்துக்குங்க. போர்டு உச்சி இன்னா, கூரை உச்சிக்கே போவும் போல. உங்க வார்த்தை ஒண்ணுதானே?"

வீராசாமி சுற்றிலும் பார்த்தார். எந்த நாலு பேருக்கு முன்னால் சொன்னாரோ அந்த நாலு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"திங்கக்கிழமை மணி அடிக்கறதுக்கு முன்னால வந்துடும்மா" என்றார், யாரோ தம் காலை மிதித்துவிட்டதுபோல.

ராவ்சாகிப் மடித்த தாளை மறுபடி விரித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "குமாஸ்தா, ஆண்டறிக்கைக்கு எழுதும். சங்கம் தொடங்கிய சில மாதங்களிலேயே, சாமான்களின் உதவி சிறிதும் இன்றி, ஒரு பெண்மணியின் கை பூரண குணம் அடைந்தது. இது தரை அமைப்பின் வெற்றி. அம்மா, மிகவும் சந்தோஷம். கையை இறக்கலாம்."

வேலை கிடைத்துவிட்டது, இறக்கியிருக்கலாம். உடம்பில் இத்தனை நாள் ஓடிய அவசரம் எல்லாம் அந்தக் கைக்குள் ஏறி அங்கேயே நின்றுவிட்டது போல அவளுக்கு இருந்தது.

"இன்னும் எண்ணலீங்களே ஐயா."

"என்ன அம்மா?"

"ஆட்சேபணை எத்தினின்னு எண்ணிச் சொல்லுங்க. இறக்கறேன்."

விதி அப்படித்தான் இருந்தது; ஒரு ஆட்சேபணை எண்ணப்பட்டாலும் தீர்மானம் ஏகமனது ஆகாது. ராவ்சாகிப் சபையைப் பார்த்தார், சக்கரவர்த்தி படத்தைப் பார்த்தார், கடைசியில் வேறு வழி இல்லாமல் அந்தக் கையைப் பார்த்தார்.

"ஒன்று" என்றார்.

பெஞ்சிலிருந்து கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சரியும் சத்தம் கேட்டது.

"ரெண்டுங்க" என்றாள் ஹபீபா, சுவரைப் பார்த்தபடியே.